பாட்டிக்கும் ஒரு டிக்கெட்

ராட்டினத்துக்குக் காசு கொடுத்தது ஒரு காலம். இப்போது தலைக்குக் காசு. தீம் பார்க் போய்வரும் ஒரே ஒரு நாள், நடுத்தரக் குடும்பங்களின் மாத பட்ஜெட்டைப் பதம் பார்க்கிறது.

பெங்களூர்-மைசூர் சாலையில் பிடதி அருகே இருக்கும் வொண்டர்லா பூங்காவின் வாசலில் பிள்ளைகளின் வயதை வைத்துக் கட்டணம் போடுவதில்லை. உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். 140 சென்டிமீட்டர் வரை குழந்தைக் கட்டணம். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாலும் பெரியவர் கணக்கு. ரயிலில் அரை டிக்கெட்டுக்காகப் பன்னிரண்டு முடிந்த பையனையும் "பதினொன்றுதான் சார்" என்று சொல்லிப் பழகிய வர்க்கத்துக்கு இது சங்கடமான ஏற்பாடு. டிக்கெட் பரிசோதகரிடம் எடுபடும் பொய் அளவுகோலிடம் எடுபடாது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பல வீடுகளில் இந்த வாசலில்தான் முதல்முறையாகப் 'பெரியவன்' ஆகிறான்.

கணக்கு எளிது. இதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரில் தன் ஐந்தாவது பூங்காவைத் திறந்தபோது வார நாள் கட்டணம் ரூ. 1,489-ல் தொடங்கியது. சனி, ஞாயிறுகளில் அதைவிட அதிகம். நாட்டின் மற்ற பெரிய பூங்காக்களும் ஏறக்குறைய இதே வட்டாரத்தில்தான் நிற்கின்றன. தலைக்கு ரூ. 1,500 என்றே வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 'பெரியவன்' ஆகிவிட்ட மகன், இன்னும் ஆகாத மகள், தாத்தா, பாட்டி என்று ஆறு பேர். குழந்தைச் சலுகை, மூத்த குடிமக்கள் சலுகை எல்லாவற்றையும் கழித்தாலும் வாசலைத் தாண்டவே எட்டாயிரம் ரூபாய் ஆகிறது. அதுவரை யாரும் எந்த ராட்டினத்திலும் ஏறியிருக்கவில்லை. ஒரு வாய் காபிகூடக் குடித்திருக்கவில்லை. சாப்பாடு, நீச்சல் உடை, லாக்கர், வண்டி நிறுத்தம், சுங்கச் சாவடி, பெட்ரோல் என்று கூட்டிக்கொண்டே போனால் பத்தாயிரம் தாண்டிவிடும். பல வீடுகளில் இது ஒரு மாத மளிகைப் பணம்.

இந்தக் கணக்கில் பாட்டியின் பங்கைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் ரோலர் கோஸ்டரில் ஏறமாட்டார். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அலைக் குளத்தில் புடவையோடு இறங்க முடியாது. மர நிழல் கிடைத்தால் உட்கார்ந்து, மற்ற ஐந்து பேரின் பைக்கும் செருப்புக்கும் காவல் இருப்பார். பேரன் உச்சியிலிருந்து கத்துவது காதில் விழுந்தால் அண்ணாந்து பார்ப்பார். இதற்குச் சலுகை போகக் கட்டணம் ஆயிரத்துக்கு மேல்.

விலை ஏறியிருப்பது மட்டும் செய்தி அல்ல. எந்த விலைதான் ஏறவில்லை? விலை போடும் முறையே மாறியிருக்கிறது என்பதுதான் குடும்பங்களை உண்மையில் அடிக்கிறது.

டெல்லி பிரகதி மைதானத்தில் 1984 நவம்பரில் திறக்கப்பட்ட அப்பு கர், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான குட்டி யானையின் பெயரைத் தாங்கியது. உள்ளே நுழைய ஒரு சிறு தொகை, ஏறும் ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு. அரசு குமாஸ்தாவின் குடும்பம் நான்கு சீட்டு வாங்கும். கொஞ்சம் வசதியானவர்கள் பத்து வாங்குவார்கள். பெரியவர்கள் சீட்டே வாங்காமல் புல்வெளியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பூரி பொட்டலத்தைப் பிரிப்பார்கள். எவ்வளவு செலவு என்பதை அப்பாவின் சட்டைப் பை தீர்மானித்தது. அந்த இடம் 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் போனது. டெல்லியில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒரு தலைமுறை இன்னும் அதைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறது.

இதற்கிடையே 1989-ல் பம்பாயின் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு வந்தது. படகில் ஏறிக் கழிமுகத்தைக் கடந்து போவதே பாதி வேடிக்கை. அதன் விளம்பரப் பாட்டு தூர்தர்ஷன் தெரிந்த ஊர்களிலெல்லாம் பிள்ளைகளின் வாயில் புகுந்துகொண்டது. பம்பாயைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள்கூட வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்துப் பாடினார்கள். 1991-ல் கல்கத்தா சால்ட் லேக்கில் மேற்கு வங்க அரசும் பங்கேற்க நிக்கோ பார்க் பிறந்தது. 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட். வி-கார்டு ஸ்டெபிலைசரால் பெயர் பெற்ற கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி தொடங்கிய இந்தப் பூங்காதான் பின்னால் வொண்டர்லா என்று பெயர் மாறி, பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர், சென்னை என்று கிளை விட்டது. எஸ்ஸெல் வேர்ல்டோ 2022-ல் மூடப்பட்டது.

தனிச் சீட்டு முறை மறைந்து ஒரே டிக்கெட் வந்த கதை அமெரிக்காவில் முன்பே நடந்து முடிந்தது. கலிபோர்னியாவில் 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். சவாரிகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் 1982 வரை இருந்தன. பிறகு எல்லாம் அடங்கிய ஒரே டிக்கெட். 2024 அக்டோபரில் கூட்டம் மிகுந்த நாட்களுக்கு அதன் விலை 206 டாலரைத் தொட்டது. இந்தியப் பூங்காக்கள் ரோலர் கோஸ்டரோடு சேர்த்து இந்தக் கணக்கு முறையையும் இறக்குமதி செய்துகொண்டன.

இரண்டு முறைகளையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் ஹைதராபாத் போகலாம். நாம்பள்ளியில் ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கி ஒன்றரை மாதம் நடக்கும் நுமாயிஷ் பொருட்காட்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, 1938-ல் தொடங்கியது. 2025-ல் அதன் நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். காஷ்மீர் சால்வை, லக்னோ துணி, ஊறுகாய், ஹலீம், அப்பளம், கூடவே ராட்சத ராட்டினம். ராட்டினத்துக்குத் தனிக் காசு. ஆறு பேர் கொண்ட குடும்பம் 300 ரூபாயில் உள்ளே போய்விடலாம். அதன் பிறகு பிள்ளைகள் இருவர் மட்டும் ராட்டினம் ஏறுவதா, எல்லோரும் ஏறுவதா என்பது அவர்கள் பாடு. பாட்டி சால்வை விலை கேட்டுக்கொண்டிருப்பார்; வாங்கமாட்டார். அந்த மாலை அவருக்கும் ஒரு மாலைதான். காட்சியை நடத்தும் சங்கம் இந்த வருமானத்தில் கல்லூரிகளும் நடத்துகிறது.

அதே ஊரின் மறுபுறம், வெளிவட்டச் சாலையை ஒட்டி ராவிர்யாலில் வொண்டர்லா. இன்னொரு பக்கம், விஜயவாடா சாலையில் 1996-ல் உருவான ராமோஜி பிலிம் சிட்டி. உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸில் இடம்பிடித்த இடம். இவை இரண்டிலும் தலையை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். ஏறுகிறவர், ஏறாதவர் என்ற பேதம் இல்லை.

பொருட்காட்சியே மேல் என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் நுமாயிஷில் ஒரு ராட்டினம் நடுவில் நின்றுபோய், ஏறியவர்கள் பல நிமிடங்கள் தலைகீழாகத் தொங்கினார்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். பெரிய பூங்காவில் காலையில் கதவு திறப்பதற்கு முன் ஒவ்வொரு ராட்டினத்தையும் வெறுமையாக ஓட்டிப் பார்க்கிறார்கள். பூட்டு, பெல்ட், பிரேக், போல்ட் என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். குளத்தங்கரையில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். தண்ணீர் நாள் முழுக்க வடிகட்டப்படுகிறது. டிக்கெட்டில் ஒரு பகுதி இதற்குப் போகிறது. அந்தப் பகுதியைப் பற்றி யாரும் முணுமுணுக்கத் தேவையில்லை.

மீதிப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் மும்பை-புனே விரைவுச் சாலையில் கோபோலிக்குப் போக வேண்டும். அங்கே 2013 ஏப்ரலில் இமேஜிகா திறக்கப்பட்டது. ஆட்லாப்ஸ் மூலம் சினிமா உலகில் பெயர் வாங்கிய மன்மோகன் ஷெட்டியின் கனவு. சுமார் 1,600 கோடி ரூபாய் செலவில், சுவிட்சர்லாந்து நிறுவனம் வடிவமைத்த ரோலர் கோஸ்டரோடு வெளிநாட்டுத் தரத்தில் எழுந்தது. இந்தியாவிலேயே டிஸ்னி அனுபவம் என்று ஊரே பேசியது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. கடனும் வட்டியும் ராட்டினத்தைவிட வேகமாகச் சுழன்றன. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாப் பூங்காக்களையும் பூட்டியது. கடைசியில் கடன் கொடுத்தவர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க, 2022-ல் நிர்வாகம் மால்பானி குழுமத்தின் கைக்குப் போனது.

இந்தத் தொழிலின் சிக்கல் இமேஜிகாவில் அப்பட்டமாகத் தெரிந்தது. நூறு ஏக்கர் நிலமும் இறக்குமதி எந்திரமும் எல்லா நாளும் செலவு வைக்கும். கூட்டமோ கோடை விடுமுறை, தசரா, தீபாவளி, டிசம்பர் கடைசி வாரம் என்று சில வாரங்களில்தான் குவியும். செவ்வாய்க்கிழமை காலியாக ஓடும் ராட்டினத்தின் செலவையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம் கட்டுகிறது. செலவைக் குறைக்க வொண்டர்லா தன் ராட்டினங்களில் சிலவற்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தச் சிக்கனம் டிக்கெட்டில் தெரிவதாகச் சொல்ல முடியாது.

அரசும் தன் பங்குக்குக் கை நீட்டியது. 2015 ஜூனில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 14 சதவீத சேவை வரி வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அறிமுகமானபோது விகிதம் 28 சதவீதம். சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போட்ட அதே வரியைக் குடை ராட்டினத்துக்கும் போட்டார்கள். குடை ராட்டினத்தில் ஏறும் நான்கு வயதுக் குழந்தை எந்த வகையில் சூதாடுகிறது என்பதை யாரும் விளக்கவில்லை. பூங்கா உரிமையாளர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்தார்கள். 2018 ஜனவரியில் விகிதம் 18 சதவீதமாகக் குறைந்தது. இந்த விகிதப்படி, வரி உட்பட ரூ. 1,500 விலையுள்ள டிக்கெட்டில் ஏறக்குறைய ரூ. 229 வரி. ஆறு பேர் போனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ராட்டினத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது.

இதோடு முடியவில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களின் கேளிக்கை வரி அதில் கரைந்தது. ஆனால் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் கேளிக்கை வரி வசூலிக்கும் உரிமையை அரசியல் சட்டம் அப்படியே விட்டுவைத்தது. சென்னைப் பூங்கா ஆண்டுக்கணக்கில் தாமதமானதற்கு இந்த உள்ளாட்சி வரியும் ஒரு காரணம். தமிழக அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது.

வாசலுக்கு உள்ளே நடக்கும் வசூல் தனிக் கதை. வெளிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலான பூங்காக்களில் தடை. பையைத் திறந்து காட்ட வேண்டும். புளியோதரைப் பொட்டலம் பிடிபடும். பச்சைக் குழந்தையின் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விதிவிலக்கு. உள்ளே இட்லி உண்டு, பிரியாணி உண்டு, விலையும் உண்டு. திரையரங்குகள் சம்பந்தப்பட்ட வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பட்டினி கிடந்தாவது சமாளிக்கலாம். பூங்காவில் காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை, அதுவும் தண்ணீரில் ஆடிக் களைத்த பிள்ளைகளோடு.

அடுத்தது உடை. பருத்தித் துணியின் நூல் வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனத்து ஆளை இழுக்கும் என்பதால் குளத்தில் நைலான் வகை உடைதான் அனுமதி. காரணம் நியாயமானது. ஆனால் அது தெரியாமல் பருத்திச் சட்டையோடு வந்து நிற்கும் குடும்பத்துக்கு வாசலுக்கு அருகிலேயே ஒரு கடை காத்திருக்கிறது. வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். சுடிதாரில் வந்த அம்மாக்களில் பலர் இந்த இடத்தில் "நீங்க போயிட்டு வாங்க" என்று கரையில் நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய டிக்கெட்டும் முழு டிக்கெட்தான்.

எல்லாவற்றையும்விடக் கசப்பானது வரிசை. விடுமுறை நாளில் பெரிய ராட்டினம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க நேரலாம். ஏறக்குறைய இரு மடங்கு பணம் கட்டினால் தனி வழி உண்டு. நேரே முன்னால் போகலாம். டிஸ்னி 1999-ல் இந்த வசதியை இலவசமாகத்தான் தொடங்கியது. 2021-ல் அதற்கும் காசு என்றது. திருப்பதியில் சிறப்புத் தரிசனம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல என்று சொல்லிவிடலாம். ஆனால் வரிசையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை, தன் உயரமே உள்ள இன்னொரு பிள்ளை பக்கத்து வழியில் ஓடிப் போய் ஏறுவதைப் பார்த்து, "நாம ஏன் அதுல போகலை?" என்று கேட்கும்போது அப்பா சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பொருட்காட்சி ராட்டினத்தில் பணக்காரப் பிள்ளையும் காத்திருந்துதான் ஏற வேண்டும்.

நிறுவனங்களின் ஆண்டு அறிக்கைகள் இந்தப் போக்கை மறைப்பதில்லை; பங்குதாரர்களிடம் பெருமையாகவே சொல்கின்றன. வொண்டர்லாவுக்கு 2022-23-ல் வந்தவர்கள் சுமார் 33 லட்சம் பேர். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை சற்றே குறைந்தது. வருவாயோ சுமார் 430 கோடியிலிருந்து 480 கோடியைத் தாண்டியது. ஒரு தலைக்குச் சுமார் 1,300 ரூபாய் என்றிருந்த வருமானம் ஒரே ஆண்டில் 1,500-ஐ நெருங்கிவிட்டது. ஆள் குறைந்தாலும் வசூல் குறையாது என்றால் எந்த வியாபாரிதான் விலையைக் குறைப்பார்? பூங்காக்களை ஒட்டி விடுதிகளும் எழுந்துவிட்டன. வொண்டர்லா பெங்களூரில், நோவோடெல் இமேஜிகாவில். ஒரு நாள் உலா, இரண்டு பகல் ஓர் இரவாக நீள்கிறது. பில்லும் நீள்கிறது.

பணம் இருக்கிறவர்களுக்கு இதில் கஷ்டம் இல்லை. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் நிறையப் பேர் உண்டு. ஒரு பிள்ளை, மூன்று டிக்கெட், முடிந்தது. இந்த ஒரே டிக்கெட் முறை வார்த்ததுபோல அவர்களுக்குப் பொருந்துகிறது. இரண்டு பிள்ளை, கூடவே பெரியவர்கள், ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா குடும்பம் என்று ஒன்பது பேராகக் கிளம்பும் வீட்டுக்குத்தான் இடிக்கிறது. தலை கூடக் கூடத் தொகை கூடும். சேர்ந்து வந்ததற்காகக் குடும்பத்துக்கு யாரும் குறைப்பதில்லை. பள்ளிக்கூடம் நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்தால் குழுச் சலுகை உண்டு. ஒன்பது பேர் வீட்டுக்கு இல்லை. விளைவு: பட்டியல் போடும்போது முதலில் அடிபடும் பெயர்கள் தாத்தாவும் பாட்டியும்தான். "உனக்கு அங்கே என்னம்மா இருக்கு, வெயில்ல அலையணும்" என்பார்கள். அவரும் "ஆமாம்ப்பா, முழங்கால் வேற வலிக்குது" என்பார். இரண்டு பேருக்கும் உண்மைக் காரணம் தெரியும்.

செலவைச் சுருக்க வழிகள் இல்லாமல் இல்லை. இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் தள்ளுபடி. கல்லூரி அடையாள அட்டைக்குச் சலுகை. தேர்வு முடிந்த கையோடு ஹால் டிக்கெட்டைக் காட்டினால் கட்டணத்தைக் குறைக்கும் பூங்காவும் உண்டு. மதிப்பெண் என்ன என்று கேட்பதில்லை. வார நாளில் போவதுதான் எல்லாவற்றிலும் லாபம். கட்டணமும் குறைவு, வரிசையும் குறைவு. ஆனால் வார நாளில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு ஆபீஸ். கோடை விடுமுறையில் வார நாளும் வார இறுதியின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளும்.

மிச்சம் இருப்பது மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் இளைக்கும். சலுகை அறிவிப்புகள் வரும். சகியாத்ரி மலையடிவாரத்தில் இருக்கும் கோபோலியில் அந்த மாதங்களில் மழை கொட்டித் தீர்க்கும். அப்போது டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் குடும்பத்தோடு குடை பிடித்துக்கொண்டு போகலாம். இடி மின்னலோடு பலத்த மழை பிடித்துக்கொண்டால் மட்டும், பாதுகாப்பு கருதி ரோலர் கோஸ்டரை நிறுத்திவிடுவார்கள்.